'வலிமையான உக்ரைன்' கட்சி: எழுச்சி, கலைப்பு, மறுபிறப்பு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உக்ரைன் தேர்தல் முடிவுகளை யாருக்காவது விளக்க உட்கார்ந்தால், 2010 அதிபர் தேர்தல் அட்டவணையின் மூன்றாவது வரியில் பேச்சு நின்றுவிடும். "இது யாருங்க? இவர் கட்சி இப்ப எங்க?" யானுகோவிச்சைத் தெரியும், திமோஷென்கோவைத் தெரியும், மூன்றாமவரைத் தெரியாது. திரும்பத் திரும்ப ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்ததால், கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதில்களை ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன்.

'சில்னா உக்ராயினா'ன்னா என்ன? கேள்விப்பட்டதே இல்லையே.

'சில்னா உக்ராயினா' என்றால் வலிமையான உக்ரைன். 2009 இறுதியிலிருந்து 2012 மார்ச் வரை இயங்கிய கட்சி. பிறகு ஆளுங்கட்சியில் கரைந்தது. 2014இல் அதே பெயரில் திரும்ப வந்தது, ஒரு நாடாளுமன்றத் தேர்தலைச் சந்தித்தது, அதோடு பேச்சுமூச்சில்லை. தொழில்முனைவோர், நகரத்து நடுத்தர வர்க்கம், பொருளாதாரச் சீர்திருத்தம் என்று பேசிய நடுநிலைக் கட்சி என்று தன்னைச் சொல்லிக்கொண்டது.

நீங்கள் கேள்விப்படாததில் வியப்பில்லை. அது கட்சியாக அறியப்பட்டதைவிட ஒரு மனிதரின் பெயராகத்தான் அறியப்பட்டது.

அந்த மனிதர் யாரு? அரசியல்வாதியா, முதலாளியா?

செர்ஹி திஹிப்கோ. இரண்டும்தான். மால்டோவாவில் பிறந்து, நிப்ரோபெத்ரோவ்ஸ்க் நகரில் (இன்றைய நிப்ரோ) கல்லூரி படித்தவர். சோவியத் கடைசிக் காலத்தில் அந்த மாகாணத்தின் கொம்சொமோல் இளைஞர் அமைப்புக்குச் செயலாளர். சோவியத் உடைந்ததும் 1992இல் பிரிவாட்பேங்கின் தலைவர். 1997இல் துணைப் பிரதமர், பிறகு பொருளாதார அமைச்சர், 2002 முதல் 2004 வரை தேசிய வங்கியின் ஆளுநர். இடையில் 'உழைப்பாளர் உக்ரைன்' என்ற கட்சிக்கும் தலைமை தாங்கினார். அதுவும் இன்று யாருக்கும் நினைவில்லாத கட்சி.

2004 அதிபர் தேர்தலில் யானுகோவிச்சின் பிரசாரத் தலைமை இவரிடம்தான் இருந்தது. முறைகேடு நடந்ததென்று மக்கள் கீவ் தெருக்களை நிறைத்தபோது, பிரசாரப் பொறுப்பையும் வங்கிப் பொறுப்பையும் விட்டு விலகினார். பிறகு வியாபாரம். 2007இல் தன் டாஸ் குழும வங்கிகளை ஸ்வீடனின் ஸ்வெட்பேங்குக்கு 73.5 கோடி டாலருக்கு விற்றார். 2008 நெருக்கடி வருவதற்குச் சற்று முன் கையில் காசாக்கிக்கொண்டார் என்று அவரை வியந்தவர்களும் உண்டு, வைதவர்களும் உண்டு.

அங்கெல்லாம் புதுக் கட்சி தொடங்கறது சுலபமா?

அன்றைய விதிப்படி சுலபமில்லை. 2001ஆம் ஆண்டுக் கட்சிச் சட்டம் வாக்காளர்களிடமிருந்து 10,000 கையெழுத்து கேட்டது. அதுவும் ஒரே ஊரில் வாங்கி முடித்துவிட முடியாது. நாட்டின் மாகாணங்களில் மூன்றில் இரண்டு பங்கில், அவற்றின் மாவட்டங்களிலும் மூன்றில் இரண்டு பங்கில் வாங்கியிருக்க வேண்டும். நீதி அமைச்சகத்தில் பதிந்த பிறகு ஆறு மாதத்துக்குள் பெரும்பாலான மாகாணங்களில் கிளைகளையும் பதிய வேண்டும்.

அதனால் அவசரக்காரர்கள் குறுக்குவழி எடுப்பார்கள். ஏற்கெனவே பதிவாகித் தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு சிறு கட்சியைப் பிடித்து, மாநாடு கூட்டி, பெயரையும் தலைவரையும் மாற்றிவிட்டால் போதும். வலிமையான உக்ரைன் அப்படி வந்ததுதான். 2009 நவம்பரில், அதிபர் தேர்தலுக்கு இரண்டு மாதமே இருக்கும்போது, பெயர்ப்பலகை மாறியது, திஹிப்கோ தலைவரானார். உக்ரைனில் பதிவான கட்சிகளின் எண்ணிக்கை 300ஐத் தாண்டியதற்கு இந்தத் தூங்கும் கட்சிகளும் ஒரு காரணம்.

ரெண்டு மாசக் கட்சி எப்படி மூணாவது இடம் வந்துச்சு?

கட்சி வரவில்லை, ஆள் வந்தார். 2010 ஜனவரி 17 முதல் சுற்றில் யானுகோவிச்சுக்கு 35.32%, திமோஷென்கோவுக்கு 25.05%, திஹிப்கோவுக்கு 13.05%. ஓட்டுக் கணக்கில் 32 லட்சத்துக்கு மேல். பதவியில் இருந்த அதிபர் யூஷ்சென்கோ 5.45% வாங்கி ஐந்தாவதாக வந்தார்.

2004 புரட்சியில் தோளோடு தோள் நின்ற யூஷ்சென்கோவும் திமோஷென்கோவும் ஐந்து வருடம் ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டே இருந்தார்கள். பொருளாதாரமோ 2009இல் படுத்துவிட்டது. "இவர்கள் சண்டை போதும், கணக்குத் தெரிந்த ஒருவர் வரட்டும்" என்று நினைத்தவர்களுக்கு, தேசிய வங்கியை நடத்திய, சண்டையில் இல்லாத ஒரு முகம் கிடைத்தது. மனமார விரும்பி விழுந்த ஓட்டைவிட சலித்துப்போய் விழுந்த ஓட்டு அதில் அதிகம் என்பது என் கணிப்பு. அடுத்து நடந்ததைப் பார்த்தால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

அப்ப ரெண்டாம் சுற்றுல யாரை ஆதரிச்சார்?

யாரையும் இல்லை. இருவருக்கும் இடையே சுமார் பத்து சதவீத இடைவெளி, இவர் கையில் பதின்மூன்று. திமோஷென்கோ பிரதமர் பதவியையே தருவதாக வெளிப்படையாகச் சொன்னார். திஹிப்கோ பிடி கொடுக்கவில்லை. பிப்ரவரி 7 இரண்டாம் சுற்றில் யானுகோவிச் 48.95%, திமோஷென்கோ 45.47%. 'யாருக்கும் இல்லை' என்ற கட்டத்தில் குத்தியவர்கள் 4.36%. வெற்றி இடைவெளியைவிட அது பெரிது.

ஆனால் மார்ச் 11 அன்று அசாரோவ் தலைமையில் யானுகோவிச்சின் அமைச்சரவை பதவியேற்றபோது, துணைப் பிரதமர் நாற்காலியில் திஹிப்கோ இருந்தார். நாடாளுமன்றமான ராடாவில் அவர் கட்சிக்கு அப்போது ஓர் உறுப்பினர் அணிகூட இல்லை. கேட்டுப் பெறும் பலம் இல்லாதவர் அரசாங்கத்துக்குள் போனார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

துணைப் பிரதமர்னா நல்லதுதானே? அப்புறம் ஏன் சரிஞ்சாங்க?

ஓட்டுப் போட்டவர்களையே அடிக்கிற இரண்டு வேலை அவர் தலையில் விழுந்தது. முதலாவது வரிச் சட்டத் தொகுப்பு. உக்ரைன் சந்தையில் துணிக்கடை போட்டிருக்கும் ஒரு பெண்மணியை நினைத்துக்கொள்ளுங்கள். 1998இல் வந்த எளிய முறைப்படி அவர் மாதம் 20 முதல் 200 ஹிரிவ்னியாவுக்குள் ஒரே வரி கட்டிவிட்டால் போதும், பேரேடு கீரேடு எதுவும் வேண்டாம். லட்சக்கணக்கானோர் இப்படிப் பிழைத்தார்கள். புதிய வரைவு இந்த முறையை நெருக்கியது. இவர்களிடம் சரக்கு வாங்கும் நிறுவனம் அதைச் செலவுக் கணக்கில் காட்ட முடியாது என்ற பிரிவும் அதில் இருந்தது. காட்ட முடியாவிட்டால் யார் வாங்குவார்கள்?

2010 நவம்பரில் ராடா சட்டத்தை நிறைவேற்றியதும் சிறுவியாபாரிகள் கீவ் மைதானத்தில் கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள். 'வரி மைதான்' என்று அதற்குப் பெயரே உண்டு. நவம்பர் 30 அன்று யானுகோவிச் சட்டத்தைத் திருப்பி அனுப்பினார். திருத்திய வடிவம் உடனே நிறைவேறியது, டிசம்பர் 3 காலையில் கூடாரங்கள் அகற்றப்பட்டன. திருப்பி அனுப்பிய நல்ல பெயர் அதிபருக்கு, கொண்டுவந்த கெட்ட பெயர் திஹிப்கோவுக்கு. அவரை நம்பி ஓட்டுப் போட்டவர்களில் எத்தனை பேர் அந்தக் கூடாரங்களில் இருந்திருப்பார்கள்!

இரண்டாவது ஓய்வூதியம். 2010 டிசம்பரில் சமூகக் கொள்கை அமைச்சகமும் அவரிடம் வந்தது. பன்னாட்டு நாணய நிதியம் கடன் தரப் போட்ட நிபந்தனைகளில் ஓய்வூதியச் சீர்திருத்தம் முக்கியமானது. பெண்களின் ஓய்வு வயது 55லிருந்து 60 ஆகும், ஆண்டுக்கு ஆறு மாதம் வீதம் ஏறும் என்ற சட்டம் 2011 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்தது. கணக்கில் அது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் 54 வயதில் நாள் எண்ணிக்கொண்டிருந்தவருக்கு அந்தக் கணக்கு எதற்கு?

அந்த நேரத்துல கட்சி ஏதாவது தேர்தல்ல நின்னுச்சா?

நின்றது. 2010 அக்டோபர் 31 உள்ளாட்சித் தேர்தலில் நின்று பல மன்றங்களில் இடம் பிடித்தது. ஆனால் ஜனவரியில் தலைவருக்கு விழுந்த ஓட்டின் நிழல்கூட கட்சிக்கு விழவில்லை. வரி மைதானுக்கு முன்பே இந்த நிலை.

அஞ்சு சதவீத விதின்னு சொல்றாங்களே, அதனாலதான் கலைஞ்சுச்சா?

பாதிக் காரணம் அதுதான், மீதிப் பாதியை வரி பற்றிய கேள்வியில் சொல்லிவிட்டேன். 2006, 2007 நாடாளுமன்றத் தேர்தல்களில் ராடாவுக்குள் நுழைய 3% ஓட்டு போதும், கட்சிகள் சேர்ந்து கூட்டணிப் பெயரிலும் நிற்கலாம். 2011 நவம்பரில் வந்த புதிய தேர்தல் சட்டம் வரம்பை 5% ஆக்கியது. கூட்டணிப் பெயரில் நிற்பதைத் தடை செய்தது. மேலே சொன்ன 'யாருக்கும் இல்லை' கட்டத்தையும் வாக்குச்சீட்டிலிருந்து எடுத்துவிட்டது.

இதன் விளைவு சிறு கட்சிகளுக்கு நேரடியானது. நான்கு சதவீதக் கட்சி முன்பென்றால் தனியாகவே உள்ளே போயிருக்கும், அல்லது பெரிய கட்சியோடு கூட்டணி வைத்துத் தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும். இப்போது தனியாக நின்றால் ஓட்டு வீண். இல்லையென்றால் பெயரை விட்டுவிட்டுப் பெரிய கட்சியின் பட்டியலில் ஏற வேண்டும். திஹிப்கோ சட்டம் வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை. 2011 ஆகஸ்டிலேயே யானுகோவிச்சின் ஆளுங்கட்சியான பிராந்தியங்கள் கட்சியோடு இணையப்போவதாக அறிவித்துவிட்டார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது அரசாங்கத்துக்குள் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியாமலா இருக்கும்?

கலைச்சாங்களா, இணைச்சாங்களா? ரெண்டும் ஒண்ணுதானே?

சட்டத்தில் ஒன்றல்ல. ஒரு கட்சி தன் மாநாட்டைக் கூட்டித் தானே முடிவெடுத்து நின்றுபோகலாம். அதில் இரண்டு வழி: இன்னொன்றோடு சேர்வது போன்ற மறுசீரமைப்பு, அல்லது தன்னைத்தானே கலைத்துக்கொள்வது. கட்சியின் சொத்தையும் பணத்தையும் என்ன செய்வது என்பதையும் மாநாடு அதே கையோடு முடிவு செய்ய வேண்டும். இவை தவிர நீதிமன்றம் தடை செய்வது ஒன்று, பதிவு ரத்தாவது ஒன்று. பத்தாண்டு காலம் அதிபர் தேர்தலிலும் நாடாளுமன்றத் தேர்தலிலும் வேட்பாளரே நிறுத்தாத கட்சியின் பதிவை ரத்து செய்ய இடமுண்டு.

2012 மார்ச் 17 அன்று வலிமையான உக்ரைன் பிராந்தியங்கள் கட்சியோடு இணைந்தது. திஹிப்கோவுக்கு அங்கே துணைத் தலைவர் பதவி. பேச்சுவழக்கில் 'கலைத்துவிட்டார்கள்' என்றாலும் 'இணைத்துவிட்டார்கள்' என்றாலும் தவறில்லை. வாக்காளர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தது.

அப்ப உறுப்பினர் எல்லாரும் தானாவே ஆளுங்கட்சி ஆயிடுவாங்களா?

மாநாடு தலைகளை எண்ணி அனுப்பிவிட முடியாது. உக்ரைன் சட்டப்படி கட்சி உறுப்பினராக ஒருவர் தானே விண்ணப்பம் கொடுத்திருக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு கட்சியில் இருக்கவும் முடியாது. பழைய அட்டையை வைத்திருந்தவர் மனுப் போட்டுச் சேரலாம், வீட்டில் உட்காரலாம், எதிர்க்கட்சிக்கும் போகலாம். வாக்காளருக்கோ இந்த மனுவும் கிடையாது.

இணைஞ்சதால அவருக்கு என்ன லாபம்?

2012 அக்டோபர் 28 தேர்தலில் ஆளுங்கட்சிப் பட்டியலின் முன்வரிசையில் இடம். பட்டியலில் அசாரோவுக்கு அடுத்த பெயர் பாடகி தைசியா பொவாலி. அரசியலுக்கும் மேடைக்கும் அங்கே அவ்வளவுதான் தூரம். பட்டியல் ஓட்டில் கட்சி 30% வாங்கியது, திஹிப்கோ ராடாவுக்குப் போனார், அமைச்சரவையிலிருந்து வெளியே வந்தார்.

அவர் விட்ட சமூகக் கொள்கை அமைச்சகம் யாருக்குப் போனது என்பதுதான் வேடிக்கை. நதாலியா கொரொலெவ்ஸ்கா. திமோஷென்கோ அணியிலிருந்து நீக்கப்பட்டு, ஒரு பழைய சமூக ஜனநாயகக் கட்சிக்கு 'உக்ரைன் – முன்னே!' என்று பெயர் மாற்றி (மேலே சொன்ன அதே குறுக்குவழி), பட்டியலில் இரண்டாவதாகக் கால்பந்து நட்சத்திரம் ஆந்த்ரி ஷெவ்சென்கோவை வைத்து நின்றவர். அந்த ஜூனில்தான் ஐரோப்பியக் கோப்பையில் ஸ்வீடனுக்கு எதிராக கீவில் இரண்டு கோல் போட்டு ஊரையே ஆடவைத்திருந்தார் ஷெவ்சென்கோ. தேர்தலில் கிடைத்தது 1.58%. ஓர் இடமும் இல்லை. இரண்டு மாதம் கழித்து, டிசம்பர் 24 அன்று, தலைவிக்கு அமைச்சர் பதவி!

எதிர்க்கட்சிப் பக்கமும் இப்படிக் கரைஞ்சாங்களா?

கரைந்தார்கள். 2010இல் நான்காவதாக வந்த (6.96%) யாத்சென்யுக்கின் 'மாற்றத்துக்கான முன்னணி' 2012இல் திமோஷென்கோவின் 'பாத்கிவ்ஷ்சினா' பட்டியலில் ஏறி நின்றது. கூட்டணிப் பெயர் கூடாதென்ற தடையைச் சுற்றிப்போக அதுதான் வழி. 2013 ஜூனில் அந்த முன்னணியும் 'சீர்திருத்தமும் ஒழுங்கும்' கட்சியும் பாத்கிவ்ஷ்சினாவுக்குள் இணைந்தே போயின. ஆகவே இதை ஒருவரின் பேராசை என்று மட்டும் பார்க்க முடியாது. அடுத்த ஆண்டே யாத்சென்யுக் வெளியேறி 'மக்கள் முன்னணி' என்று புதுப் பலகை மாட்டினார் என்பது வேறு கதை.

2012ல கலைஞ்ச கட்சி 2014 வாக்குச்சீட்டுல எப்படி இருக்கு? அச்சுப்பிழையா?

பிழையில்லை. 2014 பிப்ரவரியில் யானுகோவிச் நாட்டைவிட்டு ஓடினார், பிராந்தியங்கள் கட்சி நொறுங்கியது. அந்தக் கட்சி அதிபர் தேர்தலுக்கு தோப்கினை அதிகாரபூர்வ வேட்பாளராக அறிவித்தது. திஹிப்கோ தனியாக நின்றார். ஏப்ரல் 7 அன்று கட்சி அவரை நீக்கியது. மே 25 தேர்தலில் அவருக்கு 5.23%, ஐந்தாம் இடம். நீக்கிய கட்சியின் தோப்கினுக்கு 3.03%.

அந்த ஓட்டை நம்பி வலிமையான உக்ரைன் என்ற பெயருக்கு மறுபடி உயிர் கொடுத்தார். அக்டோபர் 26 நாடாளுமன்றத் தேர்தலில் அவரோடு முன்வரிசையில் நின்றவர் வலேரி ஹொரொஷ்கோவ்ஸ்கி, யானுகோவிச் காலத்தில் உக்ரைன் உளவுத்துறைக்குத் தலைவராக இருந்தவர். 2002 தேர்தலில் 'குளிர்விதைப்புத் தலைமுறை அணி' என்ற இளம் தொழில்முனைவோர் கூட்டணியை நடத்தி 2.02% வாங்கியவரும் அவரே. பனிக்கு முன் விதைத்து, குளிரைத் தாண்டி வளரும் கோதுமையை நினைத்து வைத்த அழகான பெயர். முளைக்கவில்லை.

2014 அக்டோபர்ல கட்சிக்கு 3.11 சதவீதம்தான், ஆனா ஒரு எம்.பி. இருந்தாராமே? தப்பா எண்ணிட்டாங்களா?

சரியாகத்தான் எண்ணினார்கள். ராடாவின் 450 இடங்களில் அன்று பாதி கட்சிப் பட்டியலுக்கு, பாதி தனித்தொகுதிகளுக்கு. 5% வரம்பு பட்டியலுக்கு மட்டும்தான். தொகுதியில் ஜெயித்தால் கட்சி எத்தனை சதவீதம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அப்படித் தொகுதியில் ஜெயித்த ஒருவர்தான் அந்த எம்.பி. ரஷ்யா கைப்பற்றிய கிரிமியாவிலும் கிழக்கே போர் நடந்த டான்பாஸின் பெரும்பகுதியிலும் வாக்குப்பதிவே நடக்காததால் 27 தொகுதிகள் காலியாகவே கிடந்தன.

2007இல் இருந்த 3% வரம்பு இருந்திருந்தால் 3.11% வாங்கிய இந்தக் கட்சி உள்ளே போயிருக்கும், 3.88% வாங்கிய கம்யூனிஸ்டுகளும், 4.71% வாங்கிய 'ஸ்வபோதா'வும் போயிருப்பார்கள். வரம்பை ஏற்றிய அரசாங்கத்தில் துணைப் பிரதமராக இருந்தவர் அதே வரம்பில் இடித்துக்கொண்டார்.

இது ரஷ்ய ஆதரவுக் கட்சிதானே? அதனால தடை பண்ணிட்டாங்கன்னு கேள்விப்பட்டேனே.

இரண்டு விஷயத்தைக் குழப்பிக்கொள்கிறீர்கள். 2022 மார்ச்சில் போரின்போது 11 கட்சிகளின் செயல்பாடு நிறுத்தப்பட்டது, மே மாதம் வந்த சட்டத்தின்படி நீதிமன்றம் அவற்றைத் தடை செய்யத் தொடங்கியது. வலிமையான உக்ரைனின் 2012 முடிவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அது தன் மாநாட்டில் தானே எடுத்த முடிவு.

ரஷ்ய ஆதரவா என்றால், ஒற்றைச் சொல்லில் முடிக்க எனக்கு மனமில்லை. ரஷ்ய மொழி பேசும் தென்கிழக்கு நகரங்களில் அவருக்கு நல்ல செல்வாக்கு. உக்ரைன் எந்த ராணுவ அணியிலும் சேராது என்று சட்டம் போட்ட அரசாங்கத்தில் அவர் அமைச்சர். இதெல்லாம் உண்மை. ஆனால் வீட்டில் ரஷ்ய மொழி பேசுவதும் மாஸ்கோவை ஆதரிப்பதும் ஒன்றல்ல. ரஷ்ய மொழி பேசும் கிரிவி ரீ நகரில் வளர்ந்தவர்தான் ஸெலென்ஸ்கியும்.

அந்த 32 லட்சம் ஓட்டு கடைசியில எங்கதான் போச்சு?

2010 ஜனவரியில் 32 லட்சம். 2014 மேயில் சுமார் 9.4 லட்சம். அதே ஆண்டு அக்டோபரில் கட்சிக்குச் சுமார் 4.9 லட்சம். கிரிமியாவும் டான்பாஸும் கணக்கில் இல்லாததைக் கழித்துப் பார்த்தாலும் சரிவு பெரிதுதான். கொஞ்சம் சந்தைக்காரர்களின் கூடாரத்தில் போனது, கொஞ்சம் ஓய்வூதிய வரிசையில் போனது. 2012இல் சலித்துப்போனவர்கள் தேடியது வேறு புதுமுகம்: குத்துச்சண்டை வீரர் கிளிச்கோவின் 'உடார்' அந்தத் தேர்தலில் 13.96% வாங்கியது.

மோனோபேங்க் இவரோடதுன்னு சொல்றாங்களே, உண்மையா?

உக்ரைனில் மருத்துவம் படித்துவிட்டு வந்த ஒரு தம்பி கேட்டது. கூடப் படித்த உக்ரைன் பிள்ளைகள் எல்லோர் கைப்பேசியிலும் ஒரு பூனைப் படத்தோடு அந்த வங்கிச் செயலி இருந்ததாம். 2017இல் வந்த மோனோபேங்க் கிளையே இல்லாத வங்கி. செயலியை உருவாக்கியவர்கள் வேறு அணி, ஆனால் அது ஓடுவது யூனிவர்சல் பேங்கின் உரிமத்தில். அந்த வங்கியை 2016இல் வாங்கியது திஹிப்கோவின் டாஸ் குழுமம். "அந்தப் பூனைக்குப் பின்னாடி இப்படி ஒரு கட்சி இருந்துச்சா?" என்றான் தம்பி. அவனோடு படித்தவர்கள் யாரும் அந்தக் கட்சியின் பெயரைச் சொல்லி அவன் கேட்டதில்லையாம்.